கை நனைத்த வீடு

எல்லப்பனுக்கு யாரையும் நம்பத் தெரியாது. உர மூட்டை வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், உப்பைக் கலந்திருப்பார்களோ என்று. ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால் நெல்லைக் காயப் போடுவார். ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், "மொதல்ல நீ போட்டுக்கோ, அப்பறம் எனக்கு" என்று சொன்ன ஆள் அவர். அவர் ஊரான வல்லம் வடகாலில் அவரிடம் மாட்டை விற்கப் போகிறவன் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவான். பேரம் முடிய அன்றைக்குப் பொழுது போய்விடும்.

அப்படிப்பட்டவர் நம்பிய ஒரே விஷயம் சோறு. ஒரு வீட்டில் கை நனைத்தவன் அந்த வீட்டுக்குப் பொய் சொல்ல மாட்டான் என்பது அவர் எண்ணம். அது அவர் மட்டும் கண்டுபிடித்ததல்ல. அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மோரை நீட்டினால் "இருக்கட்டும்" என்பார்கள். வெயிலில் நாக்கு வறண்டாலும் இருக்கட்டும்தான். உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்கள் என்றால் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். வாயால் சொல்லவே வேண்டாம். எல்லப்பனின் தங்கையை அப்படித்தான் கொடுத்தார்கள். அவர் செங்கமலத்தைக் கட்டியதும் அப்படித்தான். அன்றைக்கு அவருடைய அப்பா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்ததும் உள்ளே பெண்கள் குலவை போட்டார்களாம்.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் லீலாவைப் பார்க்கச் சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்தார்கள். லீலா எல்லப்பனுக்கு ஒரே பெண். பையனின் அப்பா முனிரத்தினம் அங்கே நெல் மில்லில் இன்ஜின் பார்க்கிறவர். அம்மா தாயாரம்மாள். பையன் பாண்டுரங்கன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டுகிறான். பையன் கைகால் சுத்தமாக இருந்தான், குனிந்த தலை நிமிரவில்லை. லீலா வந்து நின்றாள், கும்பிட்டாள், போனாள். எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்திருக்கவும் மழை பிடித்துக்கொண்டது. அப்படி இப்படி மழை இல்லை, ஏரி உடைந்த மாதிரி கொட்டியது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் வராது என்று தெரிந்துபோயிற்று. உச்சிப் பொழுது தாண்டியது.

செங்கமலம் எதற்கும் இருக்கட்டும் என்று உலை வைத்தாள். சோறு வெந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "ஒரு வாய் சாப்புட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கின்னா, போடும்மா" என்றார் முனிரத்தினம்.

எல்லப்பன் தானே எழுந்து பாயை விரித்தார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, அவரைப் பொரியல், ரசம். முனிரத்தினம் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, கையைக் குழித்து உறிஞ்சிக் குடித்தார்.

அவர்கள் போனதும் எல்லப்பன் சொன்னார்: "பாத்தியாமே? கையா நனைச்சான் மனுசன்? மொழங்கை வரைக்கும் நனைச்சுட்டான்!"

"வாயால ஒண்ணும் சொல்லலியே" என்றாள் செங்கமலம்.

"சோறு துன்னப்பறம் வாயி தனியா எதுக்குச் சொல்லணும்?"

மழை விட்டதும் விடாததுமாகக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்கிற இடத்தில் தாவீது டீக்கடையில் சொன்னார். பங்காளி வீடுகளில் சொன்னார். ஏரி மதகில் நின்றவர்களிடம் சொன்னார். தையில் கல்யாணம் என்று மாசத்தையும் அவரே வைத்துவிட்டார். மறுநாள் கிணற்றடியில் பெண்கள் லீலாவை, "இன்னாடி சுங்குவார்சத்திரத்துக்காரி, தண்ணி மொள்றியா, இல்ல ஆளு வந்து மொண்டு குடுக்குமா?" என்று கேலி பண்ணினார்கள். லீலா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் கிடையாது.

கார்த்திகை பிறந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஈ காக்கை வரவில்லை. டீக்கடையில் சுப்பிரமணி என்று ஒருத்தன், எதையும் கிண்டிப் பார்க்கிற ஆள். "இன்னாண்ணே, சம்மந்தி வூட்ல இன்னும் கை காயலியா?" என்று கேட்டான். எல்லப்பன் அன்றைக்கே பஸ் ஏறினார்.

முனிரத்தினத்தின் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓட்டு வீடு. வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"வா மச்சான், வா. இன்னா இவ்ளோ தூரம்?"

"பரிசம் எப்ப வெச்சிக்கலாம்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"பரிசமா?"

தாயாரம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். "அண்ணே, நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலியே. பொண்ணு புடிச்சிதான் கீது. இருந்தாலும் வர்ற வியாழக்கெழம மண்ணூர்ல ஒண்ணு பாக்கப் போறோம். அதையும் பாத்துட்டு..."

எல்லப்பன் துண்டை உதறினார். "எங்க வூட்ல சோறு துன்னீங்களா இல்லியா?"

"துன்னோம்" என்றார் முனிரத்தினம்.

"ரசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினியா இல்லியா?"

"ரசம் நல்லா இருந்துது மச்சான்."

"நல்லா இருந்துதா! துன்னுட்டு மண்ணூருக்கு எதுக்குய்யா போற? அங்க கொழம்பு நல்லா இருக்குமா?"

தாயாரம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள். "அய்யோ அண்ணே, இப்பல்லாம் போற எடத்துலல்லாம் போடுறாங்க. சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. வேணாம்னா மூஞ்சத் தூக்கிக்கிறாங்க. பட்டணத்துப் பழக்கம் இந்தப் பக்கம் வந்து எவ்வளவோ நாளாச்சி. இதுவரைக்கும் நாலு வூட்ல சாப்புட்டுட்டோம்."

"நாலு வூட்லயா? அப்ப ஒம் புள்ளக்கி நாலு பொண்டாட்டியா?"

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் எல்லப்பன் அதற்கு மேல் கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக எல்லாரையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழுந்துவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஊரு பூரா சொல்லிட்டன்யா" என்றார். "தையில கல்யாணம்னுட்டேன். இப்ப இல்லன்னா எம் பொண்ண எவன் வந்து பாப்பான்? சோறு துன்னுட்டுத் தள்ளிட்டுப் போன பொண்ணும்பான். அப்பறம் ரெண்டாந்தாரமாத்தான் குடுக்கணும்."

அவர் சொன்னது மிகையில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். பெண்ணிடம் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் 'அவங்களே வேணாம்னுட்டாங்க' என்கிற ஒரு பேச்சு போதும், நாலு ஊருக்கு முன்னாலேயே வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடும்.

"சரி, அப்ப இதையே முடிச்சிடலாமா?" என்று தாயாரம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ரசம் குடிச்சதுக்காவ புள்ளக்கி கல்யாணம் பண்ணுவியாடி?" என்றார் முனிரத்தினம். துணியைச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டார். பிறகு எல்லப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், எங்கப்பாரு காலத்துல எங்களுக்கும் அதான் வழக்கம். எனக்குத்தான் மறந்துபோச்சி. தப்பு எம் மேலயும் கீது. ஒண்ணு பண்ணுவோம். நாங்க வந்து ஒம் பொண்ணப் பாத்தோம் இல்ல? ஒம் பொண்ணு வந்து எங்களப் பாக்கட்டும். இந்த வூட்ல அது கை நனைச்சா தையில கல்யாணம். நாங்க மண்ணூருக்குப் போகல. நனைக்கலன்னா, பொண்ணுதான் எங்கள வேணாம்னுடுச்சின்னு நானே ஒங்க ஊர்ல வந்து சொல்றேன். நாங்க தள்ளினதா இருக்காது. அது தள்ளினதா இருக்கும்."

எல்லப்பன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம், இதில் என்ன சூழ்ச்சி என்றே யோசித்துக்கொண்டு வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் செங்கமலம் மாரில் கை வைத்துக்கொண்டாள். "வயசுப் பொண்ணு போயி மாப்புள்ள வூட்டப் பாக்குறதா? எந்த ஊர்லய்யா கீது இது? கண்டவன் காறித் துப்புவான்."

"நான் போறேம்மா" என்றாள் லீலா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள், தலை நிமிராமல். "அவங்க வந்து என்ன நிக்க வெச்சிப் பாத்தாங்க. நான் போயி குந்திகினு பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் போனார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாயாரம்மாள் வாசல் வரைக்கும் வந்து லீலாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அடுப்படியைக் காட்டினாள், பின்னால் கிணற்றைக் காட்டினாள், தன் பசு மாடு உதைக்கும் என்பதையும் முன்னாடியே சொல்லிவிட்டாள். நடுக்கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. பாண்டுரங்கன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தாயாரம்மாள் சோறு வைத்தாள். எல்லப்பன் தன் இலையைப் பார்க்கவில்லை. மகளின் வலது கையைத்தான் பார்த்தார். அது மடியில் இருந்தது.

"அத்தே" என்றாள் லீலா. "தப்பா எடுத்துக்கக் கூடாது. அவர ஒண்ணு கேக்கணும்."

முனிரத்தினம், "கேளும்மா, அதுக்குத்தான வந்த" என்றார்.

லீலா பாண்டுரங்கனைப் பார்த்தாள். "நான் ஸ்ரீபெரும்புதூர்ல தையல் கத்துக்கினு இருக்கேன். இன்னும் முடியல. கல்யாணத்துக்கு அப்பறமும் போலாமா?"

பாண்டுரங்கன் அம்மாவைப் பார்த்தான்.

"அதுக்கின்னாம்மா, ஷோக்கா போயேன்" என்றாள் தாயாரம்மாள். "நானே பஸ் ஏத்தி வுடறேன்."

நல்ல பதில்தான். எல்லப்பனுக்கு உயிர் வந்தது. ஆனால் லீலாவின் கை மடியை விட்டு நகரவில்லை. அவள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு இன்னா தோணுது?"

அவன் மறுபடியும் அம்மாவைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "அம்மா சொல்றதுதான்" என்றான்.

குழம்பு இலையில் ஓடி ஓரத்துக்கு வந்தது. லீலா எழுந்தாள். சோற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்கணும் அத்தே."

தாயாரம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. வேறு வீடாக இருந்திருந்தால் என்னவெல்லாம் காதில் விழுந்திருக்கும் என்று எல்லப்பனுக்குத் தெரியும். அவரும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வசவுக்குத் தயாராக நின்றார். தாயாரம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது.

"திரும்பிக்கோ" என்றாள். லீலாவின் பின்னலில் அதைச் செருகினாள். "பயப்படாத. இதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. ஒரு பொண்ணு எங்க வூட்டுப் படியத் தாண்டி வெறுந்தலையா போகக் கூடாது, அவ்ளோதான்."

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லப்பன் மகளிடம் கேட்டார்.

"இன்னாடி கொற அவங்களுக்கு?"

"ஒரு கொறயும் இல்ல நைனா. அந்த அத்த தங்கம். மாமாவும் நல்லவரு."

"அப்பறம்?"

"நான் அவங்களயா கட்டிக்கப் போறேன்? ஒரு கேள்வி கேட்டா அவரா ஒரு வார்த்த சொல்லத் தெரியல. இல்லன்னாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா அப்பவும் அம்மா மொகத்தத்தான் பாத்துகினு நிப்பாரு."

எல்லப்பனுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. அதே சமயம், இந்தப் பெண்ணுக்கு ஆளை எடை போடத் தெரிந்திருக்கிறதே, இது நம்ம ரத்தம்தான் என்றும் இருந்தது. இரண்டையும் வெளியே காட்டவில்லை.

முனிரத்தினம் வந்து சொல்லுவார் என்று அவர் நம்பவில்லை. எவன் வருவான்? தன் பிள்ளையை ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதை, பஸ் ஏறி வந்து அடுத்த ஊரில் எவன் சொல்லுவான்? இந்நேரம் அவர்களே முந்திக்கொண்டு 'நாங்கதான் வேணாம்னோம்' என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள் என்று செங்கமலத்திடம் அடித்துச் சொன்னார்.

மறு ஞாயிறு காலையில் களத்தில் இருந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வந்து கூப்பிட்டான். "ஒங்க சம்மந்தி தாவீது கடையில நின்னுகினு இன்னாமோ சொல்லிக்கினு கீறாரு. கூட்டமா கீது."

எல்லப்பன் போட்டது போட்டபடி ஓடினார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தார்.

டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள். முனிரத்தினம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் டீ கிளாஸ். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர் மாதிரி இருந்தார்.

"...அதான் சொல்றேன். எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துது. குடுத்து வெக்கல. பொண்ணு வேணாம்னுடுச்சி. நாங்க ஒரு வார்த்த கொற சொல்ல மாட்டோம். ஒங்க ஊர்ல யாரானா வேற மாதிரி பேசினா, சுங்குவார்சத்திரம் முனிரத்தினம் சொன்னான்னு சொல்லுங்க."

தாவீது பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். சுப்பிரமணி விடுவானா?

"பொட்டப் புள்ளயே வேணாம்னு சொல்ற அளவுக்குப் பையனுக்கு இன்னாங்க? காது கேக்காதா? இல்ல, கண்ணு ஒரு பக்கமா பாக்குமா?"

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. முனிரத்தினமும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த டீயை அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை எல்லப்பன் பார்த்தார். வந்தவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருக்கிறார். இந்தச் சிரிப்பையும் யோசித்திருக்கிறார். யோசித்தும் வந்திருக்கிறார்.

எல்லப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"டேய் சுப்பிரமணி, மூட்ரா வாய. பையனுக்கு ஒரு கொறயும் இல்ல. கொற எனக்குத்தான்டா. ரெண்டு வாய் சோறு போட்டுட்டு கல்யாணம் ஆயிடுச்சின்னு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சது நான். அவங்களக் கேக்கல. எம் பொண்ணயும் கேக்கல. இவுரு இங்க வந்து நின்னு இதச் சொல்லணும்னு ஒரு அவசியமும் கெடையாது. எம் பொண்ணு பேரு கெடக் கூடாதுன்னு வந்து நிக்கறாரு. இவர மாதிரி ஒரு ஆளு இந்த ஊர்ல கீறானா? நான் கீறேனா?"

ஊர் அவரை அப்படிப் பேசிக் கேட்டதில்லை. தன் பேரில் தப்பு என்று அவர் சொன்னதையும் கேட்டதில்லை, இன்னொருத்தன் நல்லவன் என்று சொன்னதையும் கேட்டதில்லை. சுப்பிரமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தான். தாவீது முனிரத்தினத்தின் கையிலிருந்து ஆறிப்போன கிளாஸை வாங்கிவிட்டு வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

ஊர் சும்மா இருந்துவிடவில்லை. லீலாவைத் 'திமிர் பிடிச்சவ' என்றார்கள். செங்கமலம் அழுதாள். எல்லப்பனுக்கு அது காதில் தேன் ஊற்றின மாதிரி இருந்தது. தள்ளிவிட்ட பெண்ணைப் பார்க்க எவனும் வர மாட்டான். திமிர் பிடித்த பெண்ணை, அப்படி என்னதான் திமிர் என்று பார்க்கவாவது நாலு பேர் வருவார்கள். வந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. உட்கார்ந்ததுமே பையனின் அப்பா, "மொதல்ல பொண்ணக் கேட்டுடுங்க. ஒங்க வூட்ல அதான் வழக்கமாமே?" என்றார். ஊருக்கு அது சிரிப்பாக இருந்தது. ஆனால் அதற்கடுத்த வருஷம் இரண்டு வீடுகளில் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டார்கள். அப்புறம் யார் முதலில் ஆரம்பித்தது என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் கேட்காமல் செய்தால்தான் கேலி பண்ணுகிறார்கள்.

சிங்கப்பெருமாள் கோவில் பையனிடமும் லீலா கேட்ட கேள்வி அதேதான். அந்தப் பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தையல் மெஷின் வாங்க முடியுமான்னு தெரியாது. ஆனா போலாம்" என்றான். ஆனியில் கல்யாணம். எல்லப்பன் முதல் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு போனது பங்காளி வீட்டுக்கு இல்லை, சுங்குவார்சத்திரத்துக்கு. அவர்களும் வந்தார்கள், மூன்று பேரும். பாண்டுரங்கனுக்கு அதற்குள் மண்ணூரில் நிச்சயமாகியிருந்தது. முனிரத்தினம் பந்தலில் ஓடியாடி, தண்ணீர் அண்டாவை இழுத்து வைத்து, சொந்த வீட்டு வேலை மாதிரி செய்துகொண்டிருந்தார். எல்லப்பனுக்கு அவரிடம் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. இரண்டு முறை பக்கத்தில் போனார். "வெயிலு ஜாஸ்தியா கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதிரி விஷயத்துக்கு வாயில் வார்த்தை வைத்துக்கொண்டு பிறந்த ஆள் அவர் இல்லை.

பந்தி போட்டதும், பரிமாற வந்த பையன்களின் கையிலிருந்து வடைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். பெண்ணின் அப்பாவே பந்தியில் குனிந்து பரிமாறுவதாவது என்று செங்கமலம் தூரத்திலிருந்து ஜாடை காட்டினாள். அவர் பார்க்கவில்லை. நேராகத் தாயாரம்மாளின் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தார். ஒரு வடை வைத்தார். இன்னொன்று வைத்தார்.

"போதும்ண்ணே, எலையில எடம் இல்ல" என்றாள் அவள்.

அவர் அப்பளத்தைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மூன்றாவது வடையை வைத்தார்.